மருந்துக் கடைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வேண்டும்

(மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் ஐந்தாம் படிவ மாணவர்கள், பெற்றோர், மருந்தகம் நடத்துவோர் கூடிய நிகழ்வில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பெற்றோர் பின்னால் இருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் மருந்தகம் நடத்துகிற சிலரும் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சிறப்பு நன்றி. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தோட்டப்புற ஊர்களில் இருக்கும் மருந்தகங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே எடுங்கள். எடுத்த ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதைக் கடையின் முக்கிய வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த ஊரிலேயே என்று கேட்பீர்கள். இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிக்லசைட் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். கணையத்திலிருந்து இன்சுலினை அதிகம் சுரக்க வைக்கும் மாத்திரை அது. அதனால் காலை உணவோடு சாப்பிடச் சொல்வார்கள். மருந்துப் பையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். சரி, தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் காலை என்பது எது? விடிவதற்கு முன்பே எழுந்து, ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார். பசியாறுவது ஒன்பது, ஒன்பதரை மணிக்கு. இடையில் செம்பனைக் குலை வெட்டுகிறார், தூக்குகிறார். உடம்பில் சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. வெயிலால் வந்த மயக்கம் என்று நினைத்துக்கொள்கிறார். இப்படி இரண்டு மூன்று தடவை ஆனதும், இந்த மாத்திரை தனக்கு ஒத்துவரவில்லை என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். அடுத்த முறை கிளினிக்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது. மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. டாக்டர் பாடப்புத்தகப்படி செய்தார், இவர் பையில் எழுதியிருந்த 'காலை' என்பதைத் தன்னுடைய காலையாக எடுத்துக்கொண்டார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. 'ஐயா, நீங்கள் எத்தனை மணிக்குப் பசியாறுவீர்கள்?' பெரட்டு என்றால் என்ன, அது எத்தனை மணிக்கு என்று தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தானாக வாயில் வரும். அந்தப் பிள்ளை கேட்டு மருந்தாளரிடம் சொன்னால், மருந்தாளர் டாக்டரிடம் பேசி நேரத்தை மாற்ற முடியும். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வளர்ந்து, நன்றாகப் படித்துவிட்டு இங்கே வருகிற மருந்தாளருக்கு இது தெரிய வருவதற்கே ஆறு மாதம் ஆகலாம்.

2019-ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6. குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், நம் இந்தியர்களிடம்தான் இந்த நோய் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வீட்டில் மாத்திரைப் பை இல்லாதவர் யாராவது உண்டா? தைப்பூச விரதம் இருக்கும்போது அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று முன்கூட்டியே வந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரெசர், அதாவது மருத்துவ உதவியாளர் இருந்தார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ல் ஒரு சட்டம் வந்தது என்றால், அந்த வேலை எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் டவுனில் மலிவு விலை வீடுகளுக்கு மாறின. இப்போது ஒரே மனிதருக்கு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து ஒரு பை, தனியார் கிளினிக்கிலிருந்து ஒரு பை, மருந்தகத்திலிருந்து ஒரு பை, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலிருந்து ஒரு ஜாமு (மூலிகை மருந்து) பாட்டில். நம் நாட்டில் தனியார் கிளினிக்குகள் மருந்தையும் அங்கேயே கொடுத்துவிடுவதால், மருந்துச் சீட்டு கடைக்கு வருவதே குறைவு. ஆக, நான்கு பைகளையும் ஒன்றாக விரித்து வைத்துப் பார்க்க ஆளே இல்லை. அரசாங்கக் கிளினிக் கொடுத்த மெட்ஃபோர்மினும், தனியார் கிளினிக் கொடுத்த குளுக்கோஃபாஜும் ஒரே மருந்து. பெயரும் நிறமும் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். மருந்துக் கடைக்காரர்தான் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள். அவரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் வேறு யார்?

அப்புறம், இந்த வேலைக்கு வர இரண்டு வழிகள் இருக்கின்றன. பிள்ளைகள் கவனியுங்கள்.

முதலாவது, மருந்தாளர் ஆவது. எஸ்.பி.எம். முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது அடிப்படைக் கல்வி (ஃபவுண்டேஷன்), பிறகு நான்கு ஆண்டு பட்டப்படிப்பு. வேதியியலில் பிடிப்பு வேண்டும். பினாங்கில் யூ.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972-லிருந்து இந்தப் படிப்பு இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பட்டம் வாங்கியதும் தற்காலிகப் பதிவோடு ஓராண்டுப் பயிற்சி, மருந்தியல் சட்டத் தேர்வு, அதன் பிறகுதான் முழுப் பதிவு. அந்த ஓராண்டை அரசாங்க மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. அங்கீகாரம் பெற்ற தனியார் மருந்தகங்களிலும் செய்யலாம். இங்கே வந்திருக்கும் கடைக்காரர்களில் எத்தனை பேர் அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று கேட்க ஆசைப்படுகிறேன். அரசாங்கத்தில் நிரந்தர வேலை கிடைக்காமல் ஒப்பந்தத்தில் காத்திருக்கும் இளம் மருந்தாளர்கள் பலர். அவர்களைச் சிறு டவுன் பக்கம் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, மருந்தக உதவியாளர் ஆவது. எஸ்.பி.எம்.-இல் கணிதமும் அறிவியலும் நன்றாக இருந்தால் மூன்று ஆண்டு டிப்ளோமா படிக்கலாம். அரசாங்க வேலைக்கு அந்த டிப்ளோமா தேவை. தனியார் கடையில் டிப்ளோமா இல்லாமலும் சேர்த்துக்கொள்கிறார்கள். என் கவலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. நேற்றுவரை பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இன்று ஒரு சட்டையை மாட்டிவிட்டு, விலை ஒட்டுகிற மெஷினைக் கையில் கொடுத்துவிடுகிறோம். எந்த வைட்டமின் பாட்டிலுக்குக் கமிஷன் அதிகம் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோம். காய்ச்சல் என்று வருபவரிடம் என்ன கேட்பது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் நேரமில்லை.

நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்கிறேன். புதிதாக வரும் பிள்ளை முதல் சில வாரங்களுக்கு மருந்து எதையும் விற்கக்கூடாது. அலமாரியை அடுக்கட்டும், காலாவதித் தேதி பார்க்கட்டும், இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டி 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் எழுதி வைக்கட்டும். பக்கத்தில் நின்று நான் பேசுவதைக் கேட்கட்டும். பிறகு ஐந்து கேள்விகள். மருந்து யாருக்கு? என்ன தொந்தரவு? எத்தனை நாளாக? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? இந்த ஐந்தையும் தமிழிலும் மலாயிலும் தடுமாறாமல் கேட்கப் பழக வேண்டும். இப்போது தோட்டங்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நிறையப் பேர், அவர்களும் நம்மிடம்தான் வருகிறார்கள்.

பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பதைவிட, எப்போது பதில் சொல்லாமல் மருந்தாளரைக் கூப்பிட வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதில்தான் அதிக நாள் செலவாகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் கூப்பிடு. மலம் கறுப்பாகப் போகிறது என்றால் கூப்பிடு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணி, நெஞ்சு வலி, எல்லாவற்றுக்கும் கூப்பிடு. பெரியவர் ஒருவர் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி என்று வந்து, 'போன தடவை போன்ஸ்தான் என்ற வலி மாத்திரை சாப்பிட்டேன், நன்றாகக் கேட்டது, அதையே கொடு' என்பார். டெங்கியாக இருந்தால் அந்த வகை வலி மாத்திரை இரத்தக் கசிவை மோசமாக்கும். பாராசிட்டமால்தான் கொடுக்க வேண்டும். அதிலும் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவருக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அதையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்த ஒரு பாடத்துக்கு ஒரு மத்தியான நேரம் முழுக்கப் போய்விடும். போகட்டும்.

ஜாமு விஷயம் இன்னும் சிக்கல். முட்டி வலிக்குப் பாசார் மாலாமில் வாங்கிய மாத்திரை அருமையாக வேலை செய்கிறது என்று ஒரு பாட்டி கொண்டுவந்து காட்டுவார். மால் (MAL) என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, பாதுகாப்பு ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அதில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இப்படிக் கலப்படம் செய்தவற்றை அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. இங்கே அவசரப்பட்டு, 'பாட்டி, இதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்' என்று சொல்லிவிடக்கூடாது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். பாட்டியை உட்காரவைத்து மருந்தாளரைக் கூப்பிட வேண்டும், மருந்தாளர் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, பயிற்சி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மருந்தாளர் கடையில் இல்லாதபோது பி பிரிவு (மருந்துச் சீட்டுக்குக் கொடுப்பவை), சி பிரிவு (மருந்தாளர் கொடுக்க வேண்டியவை) மருந்துகளை விற்கக்கூடாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தில் இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 'அண்ணே, மருந்தாளர் வந்த பிறகு வாங்க' என்று சொல்லும் தைரியம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்? அப்படிச் சொன்னதற்காக முதலாளி அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் இருந்தால் வரும்.

உள்ளூர்ப் பிள்ளையை எடுப்பதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது, அதையும் பேசிவிடுவோம். இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்க வருபவள், மன அழுத்த மாத்திரையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவருபவர், இவர்களெல்லாம் மேசைக்குப் பின்னால் பக்கத்து வரிசை வீட்டுப் பெண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். இந்தப் பயம் நியாயமானது. இதற்கு நான் கண்ட வழி, ரகசியம் காப்பேன் என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது, கடையில் தனியாகப் பேச ஓர் ஓரத்தை ஒதுக்குவது. பேச்சு வெளியே போனால் வேலை போகும் என்பதில் ஒரு தளர்வும் கூடாது. பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், 'இன்றைக்குக் கடைக்கு யார் வந்தார்கள்?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கடைக்காரர்கள் என்னிடம் சொல்வது, 'நாங்கள் கற்றுக்கொடுத்தால் அவர்கள் பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள்.' போகத்தான் செய்வார்கள். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த 1,700-இலேயே மூன்று வருடம் நிறுத்தி வைத்தால் யார்தான் இருப்பார்கள்? குளிர்பெட்டியையும் பதிவேட்டையும் பொறுப்பாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதற்கேற்ற சம்பளம் கொடுங்கள். டிப்ளோமா படிக்கப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள், விடுமுறையில் வந்து வேலை செய்ய இடம் வையுங்கள். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டுப் பெண் பிள்ளையைப் பஸ் இல்லாத ரோட்டில் அனுப்பாதீர்கள். தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பகல் நேர வேலை கொடுத்தாலே பாதிப் பெற்றோர் சம்மதித்துவிடுவார்கள்.

பிள்ளைகளே, தேர்வு முடிந்ததும் முடிவு வரும்வரை சில மாதங்கள் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை கேட்டுப் பாருங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று நான்கு ஆண்டு படித்துச் செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். எனக்குக் கற்றுக்கொடுக்கப்போவது யார்? வாரத்தில் எந்த நேரம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஈ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டுவீர்களா? முதல் இரண்டு கேள்விக்கும் சரியான பதில் வராத கடையை விட்டுவிடுங்கள், சுங்கை பட்டாணி வரை வேறு கடைகள் இருக்கின்றன. இங்கே வந்திருக்கும் கடைக்காரர்கள் தேநீர் நேரத்தில் வெளியே இருப்பார்கள். இப்போதே போய்க் கேட்கலாம்.