பேண்ட்சா கோணலா வெட்டுதா? பிளேடை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: வெட்டி விழுந்த 100 மி.மீ. ரவுண்டு. முகத்தில் மூலைமட்டம் வைத்ததும் கீழ்ப் பக்கம் இடைவெளி தெரிகிறது.]

இது பேண்ட்சாவுல, அதாவது வளையமா ஓடுற பட்டை பிளேடால உலோகம் அறுக்கிற மெஷின்ல, வெட்டின ரவுண்டு (உருண்டைக் கம்பி). மேல சரியா ஆரம்பிச்சு, கீழ வரும்போது 2 மி.மீ. ஓடியிருக்கு பாருங்க. இனி லேத்துல ஃபேசிங்குக்கே (முகத்தைச் சீவி மட்டமாக்க) அந்த 2 மி.மீ. வீண். இப்படி வந்தா பலரும் உடனே புது பிளேடு மாட்டிடுறாங்க. புதுசும் இதே மாதிரி ஓடும். தப்பு பிளேடுலயா மெஷின்லயான்னு தெரிஞ்சுக்க ஒரு ஸ்டீல் ஸ்கேலும் டார்ச்சும் போதும். தயவுசெஞ்சு இந்த ஒரு சோதனையை மட்டும் பண்ணிட்டு அப்புறம் பிளேடு வாங்கப் போங்க.

[திரையில்: வெட்டிய முகத்தின் மேல் ஸ்கேல், பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம்.]

வெட்டின முகத்துல பிசிறைத் தட்டிட்டு, ஸ்கேலை விளிம்பு படுற மாதிரி நிறுத்துங்க. பின்னாடி டார்ச் அடிங்க. மேலிருந்து கீழ ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை.

ஸ்கேலுக்கு அடியில வெளிச்சமே வரல, ஆனா மூலைமட்டம் நிக்கலையா? அப்போ பிளேடு நேராத்தான் போயிருக்கு. ஜாப் (வெட்டுற பொருள்) கோணலா உக்காந்திருக்கு, இல்லன்னா மெஷின் செட்டிங் மாறியிருக்கு. பெட்டை முதல்ல துடைங்க. ஜாப்புக்கு அடியில வெட்டும்போது விழற உலோகச் சுருள் ஒண்ணே ஒண்ணு மாட்டியிருந்தாலும் ராடு தூக்கி நிக்கும். நீளமான ராடுன்னா ரோலர் ஸ்டாண்டு உயரம் பெட்டோட ஒரே மட்டமா இருக்கான்னு பாருங்க. அப்புறம் மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டு, மூலைமட்டத்தைப் பெட்டுல நிறுத்தி பிளேடுக்குப் பக்கத்துல கொண்டு போங்க. பிளேடோட உடம்புல மட்டும்தான் ஒட்டணும். பல் செட், அதாவது பல்லை மாத்தி மாத்தி வளைச்சு விட்டிருக்கிறது, ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு இருக்கும், அதுல பட்டா அளவு தப்பாக் காட்டும். அதே மாதிரி ஜாப்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸோட அசையாத தாடைக்கும் பிளேடுக்கும் 90 டிகிரி இருக்கான்னு பாருங்க.

வெளிச்சம் வருதா, முகம் வில் மாதிரி வளைஞ்சிருக்கா? அப்போ பிளேடு உள்ள போகப் போக அலைஞ்சிருக்கு. இதுக்கு முதல் சந்தேகம் கைடு ஆர்ம் மேலதான். ஜாப்புக்கு ரெண்டு பக்கமும் பிளேடை நேராப் பிடிக்கிற கைடைத் தாங்குற கை அது. காலையில 250 மி.மீ. பிளாக் வெட்டியிருப்பாங்க, மதியம் 100 மி.மீ. ரவுண்டு ஏத்துவாங்க, கைடு ஆர்மை யாரும் உள்ள தள்ளியிருக்க மாட்டாங்க. ரெண்டு கைடுக்கும் நடுவுல இருக்கிற தூரம் இரட்டிப்பானா, பிளேடு வளையறது இரட்டிப்பாகாது. டென்ஷனை (பிளேடை இழுத்து வச்சிருக்கிற இறுக்கத்தை) விட்டுட்டு பட்டையோட விறைப்பை மட்டும் கணக்குப் போட்டா எட்டு மடங்கு! தூரத்தோட மூணாவது அடுக்குல ஏறுது. எனக்கு இந்த மெஷின்ல ரொம்பப் பிடிச்ச கணக்கு இதுதான், ஏன்னா சரிசெய்ய ஒரு ரூபா செலவில்லை. வைஸ்ல இடிக்காத அளவுக்கு, ஜாப்புலருந்து 20, 25 மி.மீ. வரைக்கும் கைடைக் கொண்டு வந்து லாக் பண்ணுங்க.

அடுத்தது டென்ஷன். டென்ஷன் மீட்டர் இருந்தா பைமெட்டல் பிளேடுக்கு (உடம்பு ஒரு எஃகு, பல் நுனி அதைவிடக் கடினமான வேற எஃகு) சுமார் 2,100 கிலோ பெர் சதுர செ.மீ. வைக்கலாம். அதுவும் சரின்னா ஃபீடை, அதாவது பிளேடு ஜாப்புக்குள்ள இறங்குற வேகத்தை, குறைச்சுப் பாருங்க. இவ்வளவுக்கும் அப்புறமும் எப்பவும் ஒரே பக்கம் இழுத்தா, பிளேடுல அந்தப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கப் பல் மழுங்கியிருக்கும். பல் வைஸ் தாடையிலயோ கைடு இன்சர்ட்டுலயோ (கைடுக்குள்ள பிளேடைத் தொடுற துண்டு) உரசியிருக்கான்னு பாருங்க. அதை விட்டுட்டுப் புதுசு போட்டா அதுவும் போகும்.

[திரையில்: புது பிளேடின் பல், நெருக்கத்தில்.]

சரி, புதுசு போட்டாச்சு. பத்தே வெட்டுல பல் கொட்டிடுச்சுன்னா? சாணை பிடிச்ச அரிவாள் நுனியில மெல்லிசா ஒரு பிசிறு நிக்குமே, அந்த மாதிரி புதுப் பல் நுனியும் ரொம்ப மெல்லிசு. முழு ஃபீடு கொடுத்தா அது தேயாது, உடையும். அதனால பிளேடு ஓடுற ஸ்பீடு வழக்கம் போல, ஃபீடு மட்டும் பாதி. 300லருந்து 600 சதுர செ.மீ. வெட்டுற வரைக்கும் இப்படி ஓட்டணும். 100 மி.மீ. ரவுண்டு ஒரு வெட்டுக்கு 78.5 சதுர செ.மீ., அதாவது நாலுலருந்து எட்டு வெட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

பழைய பிளேடு பாதியில விட்ட வெட்டுல புது பிளேடை இறக்கவே கூடாது. பழசோட செட் தேஞ்சிருந்ததால அந்தச் சந்து குறுகல். புதுசு அதுல இறுகிடும். இன்னொண்ணு, எம்42 (பைமெட்டல் பிளேடு பல்லுக்குப் போடுற ஒரு ஹைஸ்பீடு ஸ்டீல்) பல் சுமார் 68 ராக்வெல் சி கடினம். உடைஞ்ச துண்டு உள்ளயே கிடந்தா அடுத்த பிளேடோட பல்லையும் தின்னுடும். ஜாப்பைத் திருப்பி வேற இடத்துல ஆரம்பிங்க.

பல் எண்ணிக்கை: எப்பவும் மூணு பல்லாவது ஜாப்புக்குள்ள இருக்கணும். 100 மி.மீ. கெட்டி ராடுக்கு 3/4 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 3லருந்து 4 பல்), 2 மி.மீ. சுவர் பைப்புக்கு 10/14.

[திரையில்: ட்ரேயில் மூன்று வகைச் சுருள்.]

ட்ரேயைப் பாருங்க. தூள் மாதிரி வந்தா ஃபீடு பத்தல, பல் வெறுமனே உரசிட்டு இருக்கு. 304 ஸ்டெயின்லெஸ்ல இது ஆபத்து. உரச உரச அந்த இடம் கெட்டியாகிடும். அதுல ஸ்பீடை நிமிஷத்துக்கு 30, 35 மீட்டருக்கு இறக்கி, ஃபீடைத் தைரியமாக் கொடுங்க. தடிமனா, நீலம் பாஞ்சு வந்தா ஃபீடோ ஸ்பீடோ அதிகம். வெள்ளியா, தளர்வா சுருண்டு வந்தா செட்டிங் எதையும் மாத்தாதீங்க, அப்படியே ஓடட்டும்.

பிளேடே அறுந்து போச்சா? தூக்கிப் போடாதீங்க, விரிசல் எங்க ஆரம்பிச்சிருக்குன்னு பாருங்க. முதுகுப் பக்கம்னா ஃபீடு அதிகம், இல்லன்னா பேக்கப் கைடு (பிளேடு முதுகைத் தாங்குறது) தேஞ்சிருக்கு, இல்லன்னா முதுகு வீல் காலர்ல (வீலோட ஓர விளிம்புல) உரசுது. பல் இடுக்குலன்னா டென்ஷன் ஓவர், இல்லன்னா பக்க கைடு இறுக்கம். சரியா வெல்டு மேலயேன்னா, வெல்டு போட்டுக் கொடுத்தவர்கிட்ட துண்டைக் காட்டுங்க. அனீலிங் (வெல்டைச் சூடாக்கி மெல்ல ஆற விட்டு இளக்குறது) பத்தலன்னு அவருக்கே தெரியும்.

கூலன்ட்ல (வெட்டுற இடத்தைக் குளிர வைக்கிற எண்ணெய்-தண்ணிக் கலவை) எண்ணெய் 8லருந்து 10 சதவீதம், தண்ணியில எண்ணெயை ஊத்துங்க, மாத்தி ஊத்தாதீங்க. சுருள் தள்ளுற பிரஷ் தேஞ்சிருந்தா இன்னைக்கே மாத்துங்க.

உங்க மெஷின்ல வேற மாதிரி கோளாறுன்னா கமென்ட்ல எழுதுங்க. பிளேடு அகலம், டிபிஐ, மெட்டீரியல், சுருள் நிறம், இந்த நாலும் இருந்தாத்தான் சரியாப் பதில் சொல்ல முடியும்.