வலை பின்னும்போது இடது கை என்ன செய்கிறது?

(காட்சி: தங்கச்சிமடம் கடற்கரை. கிழிந்த வலை, அதன்மேல் இரண்டு கைகள். முகம் வேண்டாம், கைகள் மட்டும்.)

வணக்கம். இந்தக் காட்சியில் எல்லாருடைய கண்ணும் முதலில் வலது கைக்குத்தான் போகும், ஊசி அங்கேதானே இருக்கிறது. கொஞ்ச நேரம் அதை விட்டுவிட்டு இடது கையைப் பாருங்கள். வலை பின்னுகிறவர் வலையின் ஒரு பக்கத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டியிருக்கிறார், இடது கை கண்ணியை, அதாவது வலையின் ஓட்டையை, விரித்து இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கை ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை வெளியே எடுத்ததும், நூல் குறுக்கே போகிற அந்த ஒரே புள்ளியை இடது கட்டைவிரல் அழுத்திக்கொள்கிறது. அதற்கப்புறம்தான் வலது கை பின்னால் சுற்றி வந்து முடிச்சை இழுக்கிறது. இழுக்கிற நொடியில் அழுத்தமும் கூட வேண்டும். பிந்தினால் முடிச்சு நழுவிவிடும். "பிடி விட்டா கண்ணி பெருசாப் போகும் தம்பி" என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

இந்தக் கையைத்தான் நாம் பலமில்லாத கை, பழகாத கை என்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூளை ஆய்வுகளும் வேறு கதை சொல்கின்றன.

(திரையில்: மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை.)

பள்ளிக்கூடத்தில் படித்ததை முதலில் வேகமாகப் பார்த்துவிடலாம். மூளையின் இடது பாதி வலது கையை இயக்குகிறது, வலது பாதி இடது கையை. மேலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் ஏறக்குறைய 85 முதல் 90 சதவீதம் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிப் போவதுதான் காரணம். இரண்டு பாதிகளுக்கும் நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கிறது, கார்பஸ் கலோசம் என்று பெயர். இவ்வளவு போதும்.

இப்போது நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மேல்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் வேகமாக முன்னால் வீசுங்கள். தோளில் ஓர் உதைப்பு தெரிகிறதா? முழங்கை அசைந்தால் அந்த விசை தோளையும் தள்ளும், தோள் அசைந்தால் முழங்கையைத் தள்ளும். கையை ஓர் இடத்துக்கு நேர்கோட்டில் கொண்டுபோக வேண்டுமென்றால் இந்த உதைப்பு எவ்வளவு வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து ஈடுகட்ட வேண்டும். பட்ட பிறகு திருத்தலாம் என்றால் அதற்குள் கை கோணிப் போயிருக்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செயின்பர்க் இதைத்தான் சோதித்தார். உராய்வு இல்லாமல் கை மேசைமேல் மிதக்கும்படி ஓர் அமைப்பைச் செய்து, வலது கைக்காரர்களை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கையை நகர்த்தச் சொன்னார். வலது கை நேராகப் போனது, தசை விசையையும் சிக்கனமாகச் செலவழித்தது. இடது கை வளைந்து வளைந்து போனது. ஆனால் கடைசியில் போய் நிற்க வேண்டிய இடத்தில் இடது கை பின்தங்கவில்லை, சில சோதனைகளில் வலதைவிடத் துல்லியமாகவே நின்றது. இதிலிருந்து 2002-ல் அவர் முன்வைத்த கருத்து இதுதான்: வலது கைக்காரர்களிடம் இடது மூளை பாதையைக் கணிப்பதில் தேர்ந்தது, வலது மூளை ஓர் இடத்தில் உறுதியாக நிறுத்திவைப்பதிலும் எதிர்பாராத அசைவைத் தாங்குவதிலும் தேர்ந்தது. ஊசியை ஓட்டுவது ஒரு வேலை, நூலை அசையவிடாமல் பிடிப்பது இன்னொரு வேலை. இரண்டாவது, முதலாவதின் மட்டமான வடிவம் கிடையாது.

(காட்சி: மறுபடி கைகள், மெதுவான ஓட்டத்தில்.)

மெதுவாக ஓடும்போது இன்னொன்றும் தெரியும், இடது கைதான் முதலில் அசைகிறது. கண்ணியைத் தேடி விரித்துக் கொடுத்த பிறகே ஊசி கிளம்புகிறது. பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர் ஈவ் கியார் 1987-ல் எழுதியது இதைப் பற்றித்தான். ஒரு கை களத்தை அமைக்கிறது, இன்னொரு கை அதற்குள் நுணுக்க வேலை செய்கிறது என்றார். எழுதும்போது பாருங்கள், பக்கம் முழுக்க எழுதுகிறோம், ஆனால் பேனா மேசையின் சின்ன இடத்துக்குள்தான் சுற்றுகிறது. தாளை நகர்த்திக்கொண்டே இருப்பது மற்ற கை. கீழக்கரைப் பக்கம் பனை ஓலையில் பெட்டி முடைகிறவர்களின் கைகளையும் ஒருமுறை நின்று பாருங்கள்.

அதற்காக, இடது மூளைக்காரர் கணக்கில் புலி, வலது மூளைக்காரர் கலைஞர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு மூளையின் ஒரு பாதி முழுக்கவே ஓங்கி இருப்பதாகத் தெரியவில்லை. சில வேலைகள் ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான்.

சரி, இடது கைக்காரர்கள்? பத்தில் ஒருவர் அப்படி. அவர்கள் மூளை அப்படியே திருப்பிப் போட்ட மூளை என்று நினைத்தால் தவறு. பேச்சை எடுத்துக்கொண்டால், வலது கைக்காரர்களில் 95 சதவீதம் பேருக்கு அது இடது மூளையில், இடது கைக்காரர்களிலும் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு அங்கேதான். எந்தக் கை முந்தும் என்கிற சாய்வு பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர், கருவில் வலது கட்டைவிரலைச் சப்பிய 60 குழந்தைகளைப் பல வருஷம் கழித்துப் பார்த்தார், 60 பேரும் வலது கைக்காரர்கள். இடது விரலைச் சப்பிய 15 பேரில் 10 பேர் இடது கைக்காரர்கள்.

இதை நம் வீடுகளில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த வீடியோ. பிள்ளை இடது கையில் பென்சில் எடுத்தால் கையில் ஓர் அடி போடுகிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் முழுசாகப் போகவில்லை. சோற்றுக்கு வலது கை என்று பழக்குவது வேறு, எழுதுகிற கையை மாற்றுவது வேறு. ஜெர்மனியில் சின்ன வயதில் அப்படி மாற்றப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு பரிசோதித்தார்கள். வலது கையால் எழுதும்போதும் அவர்களுடைய வலது மூளையின் சில பகுதிகள், பிறவியிலேயே வலது கைக்காரராக இருப்பவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தன. கை மாறியது, மூளை முழுக்க மாறவில்லை. வலை பின்னக் கற்றுக்கொடுக்கும்போதும் அப்படித்தான், இடது கையில் ஊசி பிடிக்கிற பையன் பிடிக்கட்டும். முடிச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பி விழும், இறுக்கத்தில் ஒரு குறையும் வராது.

(திரையில்: மூளையின் இடது பாதி மட்டும் நிறம் மாறுகிறது.)

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். பக்கவாதம். இடது மூளையில் அடைப்பு வந்து வலது கை விழுந்துவிட்டால், "இடது கை நல்லாத்தானே இருக்கு, அதை வச்சுச் சமாளிக்கட்டும்" என்று வீட்டில் சொல்வோம். 1900-களின் தொடக்கத்திலேயே ஹியூகோ லீப்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்துவிட்டார்: இடது மூளை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு விழாத இடது கையும் தடுமாறியது. பலம் இருந்தது, ஆனால் சீப்பைப் பிடித்து வாருவது போலச் செய்துகாட்டு என்றால் முடியவில்லை. செயின்பர்க் குழுவும் பின்னால் இதையே நுணுக்கமாகக் கண்டது. இடது மூளை பாதித்தால் 'நல்ல' இடது கையின் பாதை கோணுகிறது, வலது மூளை பாதித்தால் 'நல்ல' வலது கை சரியான இடத்தில் நிற்பது கெடுகிறது.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து, சட்டைப் பொத்தான் போடவோ டம்ளரைப் பிடிக்கவோ நல்ல கையாலும் திணறினால், "சோம்பல்" என்றோ "மனசு விட்டுப்போச்சு" என்றோ அதட்டாதீர்கள். பிசியோதெரபிக்குப் போகும்போது, விழுந்த கையோடு சேர்த்து மற்ற கையையும் சோதித்து அதற்கும் பயிற்சி கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் பல இடங்களில் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.