மூன்று நடிகர்கள், ஒரு கோரஸ்: வகுப்பறையில் 'ஆன்டிகனி'யை நடித்துப் படித்தல்

[திரையில்: ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் உள்ள டயோனைசஸ் அரங்கின் கல் இருக்கைகள்.]

குரல்: கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகம், இன்றும் பல நாடுகளில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. தீப்ஸ் நகரத்து இளவரசர்கள் இருவர் போரில் ஒருவரையொருவர் கொன்றுவிட, அரியணை ஏறும் தாய்மாமன் கிரியோன், நகரின்மீது படையெடுத்து வந்த பாலிநைசஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று ஆணையிடுகிறான். இறந்தவனின் சகோதரியான ஆன்டிகனி அதை மீறுகிறாள். அரசாணை பெரிதா, உடன்பிறப்புக்குச் செய்யும் கடமை பெரிதா என்று கரும்பலகையில் எழுதி, இரு பக்கத்துக்கும் காரணங்களை அடுக்கிவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் 1,350 அடிகள் கொண்ட நாடகத்தைத் திறந்தே பார்க்காத மாணவரும் அந்த விடையை எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல்.

[திரையில்: பெஞ்சுகள் ஓரமாக ஒதுக்கப்பட்ட வகுப்பறை. நடுவில் இரண்டு நாற்காலிகள்.]

குரல்: நடிப்புச் செயல்திட்டம் என்றதும் ஆண்டு விழா மேடையும் வாடகை உடைகளும் ஒட்டுத் தாடியும் பலருக்கு நினைவுக்கு வரும். அவற்றுக்கு இங்கே வேலையில்லை. ஐந்தாறு பேர் கொண்ட குழுவுக்கு எட்டு நிமிடத்துக்கு மிகாத ஒரு பகுதியைக் கொடுத்து, வசனத்தில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கதையை இன்றைய காலத்துக்கு மாற்றி எழுதச் சொல்வது வழக்கமான பயிற்சிதான். அதையே முதல் பயிற்சியாக வைத்தால், மாணவர்கள் தமக்குப் புரியாத வரிகளை நாசூக்காகத் தவிர்த்துவிடுவார்கள் என்பதால், அது பின்னால் வரட்டும்.

[திரையில்: பாத்திரங்களின் பெயர் எழுதிய அட்டைகள்; அவற்றின் கீழே மூன்று காலிக் கட்டங்கள்.]

குரல்: தொடங்குவதற்கு உகந்த இடம் நடிகர் பங்கீடு. சோஃபோக்ளிஸின் அரங்கில் பேசும் பாத்திரங்கள் அனைத்தையும் மூன்று ஆண் நடிகர்களே முகமூடி மாற்றி ஏற்றார்கள். 'ஆன்டிகனி'யிலோ, சேர்ந்து பாடிப் பேசும் குழுவான கோரஸை விட்டுவிட்டால், எட்டுக்குக் குறையாத பாத்திரங்கள் பேசுகின்றன. யார் எதை ஏற்பது என்று குழுக்களே பிரித்துப் பார்க்கட்டும். காவலன் ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வந்து கிரியோன் முன் நிறுத்தும்போது மூன்று நடிகர்களும் மேடையில் இருக்கிறார்கள். அதே காட்சியில் ஆன்டிகனியின் தங்கை இஸ்மேனேயும் வந்து பேசியாக வேண்டும். அப்படியானால் காவலன் எப்போது வெளியேறுகிறான் என்று பிரதியைப் புரட்டியே தீர வேண்டும். விடை கிடைத்ததும் இன்னொன்றும் புலப்படுகிறது: பிடித்துக்கொடுத்ததில் தன் தலை தப்பியது என்று மகிழ்ந்து போன காவலனும், சுமார் 80 அடிகளுக்குப் பின் வந்து அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்று சாவைக் கேட்கும் இஸ்மேனேயும் ஒரே நடிகராக இருக்கலாம். ஒரே மாணவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்து நடித்துக் காட்டினால், இரு பாத்திரங்களையும் ஒப்பிட்டு எழுதுக என்ற வினாவே தேவைப்படாது.

[திரையில்: பெயர் குறிக்கப்படாத ஒற்றை வசன வரி.]

குரல்: அதே காட்சியின் 572ஆம் அடி எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. "அன்பிற்குரிய ஹீமன், உன் தந்தை உன்னை எப்படி அவமதிக்கிறார்" என்ற பொருள்பட ஒரு குரல் எழுகிறது. ஹீமன் கிரியோனின் மகன், ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவன். கையெழுத்துப் பிரதிகள் இவ்வரியை இஸ்மேனேக்குத் தருகின்றன. பின்வந்த பதிப்பாளர்கள் சிலர் ஆன்டிகனிக்கு மாற்றினார்கள். பெயரை மறைத்து வரியை மட்டும் கொடுத்து, இரு வகையாகவும் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிகனி இதைச் சொன்னால், நாடகம் முழுவதிலும் அவள் ஹீமனின் பெயரை உச்சரிக்கும் ஒரே இடம் இதுவாகிவிடும். சொல்லாவிட்டால், மேடையில் ஒருமுறைகூட அவனுடன் சேர்ந்து தோன்றாத அவள், அவன் பெயரையே சொல்லாமல் சாகப் போகிறாள். பதினாறு வயதினர் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்கள். இரு தரப்பும் ஆதாரத்துக்குப் பிரதியைத்தான் நாட வேண்டும்.

[திரையில்: பதினைந்து மாணவர்கள் அரைவட்டமாக நிற்கிறார்கள்.]

குரல்: கூச்சப்படும் மாணவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிரேக்க நாடகமே விடை வைத்திருக்கிறது. தீப்ஸ் நகரத்து முதியவர்களாக வரும் கோரஸில் பதினைந்து பேர். தனியாகப் பேசத் தயங்குபவர் பதினைந்து குரல்களுக்குள் தாராளமாகப் பேசுவார். மனிதனைப் போல் வியப்புக்குரியது வேறில்லை என்று தொடங்கும் பாடலை அவர்கள் ஒரே குரலில் சொல்ல வேண்டுமானால், எங்கே மூச்சு வாங்குவது என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்தாக வேண்டும். அதற்கு வாக்கியம் எங்கே முடிகிறது, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று தெரிய வேண்டும். இலக்கண வகுப்பில் கொட்டாவி விடுபவர்கள்கூட இங்கே அதற்காகச் சண்டையிடுவார்கள்.

[திரையில்: ராபன் தீவுச் சிறையின் வெளிச்சுவர்.]

குரல்: கிரியோனாக நடிப்பவர் முதல் வரியிலிருந்தே கத்துவார், அநேகமாக எல்லா வகுப்பிலும் இதுதான் நடக்கும். கொடுங்கோலன் என்று முன்பே தெரிந்துவிட்டதன் விளைவு அது. ஆட்சிப் பொறுப்பில் சோதிக்கப்படும் வரை ஒருவனின் உள்ளத்தை அறிய முடியாது என்று கிரியோன் தன் முதல் உரையில் சொல்கிறான். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சொற்பொழிவாளர் டெமாஸ்தனீஸ், ஒரு காலத்தில் கிரியோனாக நடித்தவரான தன் எதிரி ஈஸ்கினீஸுக்கு எதிராக, அந்த உரையையே படிக்கவைத்தார். தென்னாப்பிரிக்காவின் சிறைத்தீவான ராபன் தீவில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது கிரியோன் வேடம் ஏற்றவர் நெல்சன் மண்டேலா. ஆகவே முதல் உரையை நல்ல ஆட்சியாளன் ஒருவனின் பேச்சாகவே நடிக்கச் சொல்லுங்கள். குரல் எந்த அடியில் உயர வேண்டும் என்பதை மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

[திரையில்: ஓரமெங்கும் பென்சில் குறிப்புகள் நிறைந்த நாடகப் பிரதி.]

குரல்: மதிப்பெண்ணை நடிப்புத் திறமைக்கு வழங்கினால், இயல்பாகவே மேடைக்கு அஞ்சாத இரண்டு மூன்று பேர் அதை வாரிக்கொண்டு போவார்கள். ஒத்திகைப் பிரதிக்கு வழங்குங்கள்: ஒவ்வொரு நகர்வுக்கும், ஒவ்வொரு மௌனத்துக்கும் எதிரே, அதற்கு இடம் தரும் அடி எண்ணும் காரணமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இறுதிப் பகுதியில் கோரஸ் கிரியோனிடம் முதலில் அவன் குகையில் அடைத்துவைத்த ஆன்டிகனியை விடுவிக்கவும், பிறகு பாலிநைசஸுக்குக் கல்லறை எழுப்பவும் சொல்கிறது. அவனோ முதலில் பிணத்துக்குச் சடங்கு செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான், அதற்குள் அவள் உயிர் போய்விடுகிறது. அவன் ஏன் வரிசையை மாற்றினான் என்று நாடகம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. கிரியோனாக நடிப்பவர் அந்த இடத்தில் மேடையை விட்டுக் கிளம்பும்போது எந்தக் காரணத்தை மனத்தில் வைத்திருக்கிறார் என்பதைத் தன் பிரதியின் ஓரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.