ஈர விரலும் நீல இட்லியும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவள் நான். காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்தால் ஒன்பதரைக்குள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். குழந்தைகளுக்கு வண்ண வண்ணமாகச் சமைப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். சரக்கு வந்து இறங்கியதும் விரலைத் தண்ணீரில் நனைத்து, புடவையின் ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பார். விரலில் நிறம் ஒட்டினால், "இது சாயம் போகும்" என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார். எங்கள் பேட்டைக்குப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கப்பலேற்றிய துணியை இங்கே வெளுத்துக் கொடுத்தவர்களால்தான். சாயம் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருப்பதாகச் சோதனையில் தெரிந்து அரசு தடை போட்டபோது எங்கள் தெருவே திகைத்து நின்றது. அது துணிக்குப் போடுகிற சாயம். அப்பா உயிரோடு இருந்திருந்தால், "நல்ல சாயம்தான், புடவைக்கு" என்றிருப்பார்.

கடையில் விற்கிற கலர்ப் பொடி எல்லாமே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் எட்டுச் செயற்கை நிறங்களுக்கு அனுமதி இருக்கிறது. குறிப்பிட்ட பண்டங்களுக்கு மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச அளவு. ஆனால் கேசரி கிண்டுகிற கைக்கு மில்லிகிராம் எங்கே தெரியும்? எல்லாம் கண் அளவுதான். நானும் கண் அளவுக்காரிதான். அதனால்தான் அளவு தவறினாலும் பயமில்லாத பொருட்களின் பக்கம் போனேன்.

சனிக்கிழமைகளில் சின்ன இட்லி ஊற்றுவேன். முதல் வாரம் பீட்ரூட். அரைத்து வடிகட்டிய சாற்றை முந்தின இரவே மாவில் கலந்து வைத்தேன். காலையில் மாவு ரோஜாப்பூ மாதிரி பொங்கியிருந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆவியில் வெந்து எடுத்தால் பழைய செங்கல் நிறம்! என் பேரன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆயா, கீழே விழுந்துவிட்டதா?" என்று கேட்டான்.

பீட்ரூட்டின் சிவப்பு சூட்டில் நெடுநேரம் நிற்காது. இட்லி பத்து நிமிடம் ஆவியில் கிடக்கிறது. தோசையோ கல்லில் ஒரு நிமிடம்தான். அதனால் இப்போது பீட்ரூட் தோசைக்கு மட்டும்தான். மாவை ஊற்றப் போகும் நேரத்தில் சாற்றைக் கலந்து, கல்லை மிதமான சூட்டில் வைத்து, திருப்பிப் போடாமல் எடுத்தால் மேல்பக்கம் ரோஜா நிறத்திலேயே இருக்கும்.

பீட்ரூட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எதிர்வீட்டுப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே ஓடி வந்தாள். "அக்கா, பிள்ளைக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது!" அவள் ஆட்டோவையே கூப்பிட்டுவிட்டாள். முந்தின நாள் அவள் பிள்ளை என் கடையில் நான்கு பீட்ரூட் தோசை சாப்பிட்டிருந்தான். சிலருக்கு அந்தச் சிவப்பு அப்படியே வெளியே வரும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. பீட்ரூட் சாப்பிடாமல் அப்படி வந்தால் மட்டும் தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேரட் சாது. அதன் நிறம் எண்ணெயில் கரையும், சூட்டுக்கு அஞ்சாது. துருவி, இரண்டு கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்கினால் எண்ணெயே ஆரஞ்சாகிவிடும். அதை வைத்துத்தான் வீட்டில் அத்தோ செய்கிறேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நமக்குக் கொடுத்த பண்டம் அது. பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் என் பேரன் அந்த ஆரஞ்சு நூடுல்ஸ் முன்னால் கால் ஊன்றி நின்றுவிடுவான். அந்த நிறத்துக்குக் கலர்ப் பொடி போடுகிறவர்களும் உண்டு. வீட்டில் கேரட் எண்ணெயோடு ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்தால் நிறம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ருசி கடையில் கிடைக்கிற மாதிரி வரவில்லை என்று அவன் சொல்கிறான். அதுவும் உண்மைதான்.

மஞ்சள் சேர்த்த மாவில் சோடா உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், சிவந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா, அதே கதைதான்.

பச்சை இட்லி எனக்கு இன்றுவரை வரவில்லை. மாவின் புளிப்பு கீரையின் பச்சையைக் கொன்றுவிடுகிறது. அதை விட்டுவிட்டுக் கொத்தமல்லிச் சட்னியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் சங்குப்பூ! எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்கப் படர்ந்திருக்கிறது. நீலப் பூவாகப் பார்த்துப் பறித்து, அடியில் இருக்கும் பச்சைக் காம்பை நீக்கி, கழுவி, பத்துப் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் மை மாதிரி நீலம் இறங்கிவிடும். வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை, அதுதான் வசதி. அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தட்டை நகர்த்தாது. இட்லி மாவில் கலந்தாலும் வெந்தபிறகு வெளிர்நீலமாக நிற்கிறது. வண்டிப் புகை படிகிற ரோட்டோரத்துக் கொடியில் மட்டும் பறிக்காதீர்கள்.

வேடிக்கை அதற்கு மேல்தான். கண்ணாடி டம்ளரில் நீலத் தண்ணீரை வைத்துப் பிள்ளையின் கையில் அரை மூடி எலுமிச்சையைக் கொடுங்கள். பிழியப் பிழிய நீலம் ஊதாவாகும். சர்க்கரை போட்டால் அதுவே சர்பத். சனிக்கிழமை என் கடையில் இதற்குத்தான் கூட்டம். பெரியவர்கள் இட்லிக்குக் காத்திருக்க, பிள்ளைகள் எலுமிச்சைக்குச் சண்டை போடுவார்கள். காயைத் தெரியாமல் ஒளித்துவைத்து ஊட்டும் வித்தை எனக்குப் பிடிப்பதில்லை. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் வெறும் இட்லியைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பூவை அவர்களே போடட்டும், கேரட்டை அவர்களே எண்ணெயில் கொட்டட்டும்.

அப்பாவின் ஈர விரலுக்கு இப்போது என் சமையலறையில்தான் வேலை. சுண்டலுக்கு வாங்கும் காய்ந்த பச்சைப் பட்டாணி அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் போட்டுத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வைப்பேன். தண்ணீரில் பச்சை நிறம் தனியே பிரிந்து வந்தால் அந்தப் பட்டாணி கடைக்கே திரும்பிப் போகும்.

போன வாரம் பேரன் ஊதா சர்பத் குடித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தான். லேசாகத்தான் ஒட்டியிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அதுவும் போய்விட்டது. "பஞ்சு மிட்டாய் என்றால் சாயங்காலம் வரைக்கும் இருக்கும் ஆயா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நான் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளரை நிரப்பி, மீதி அரை மூடி எலுமிச்சையை அவனிடமே கொடுத்தேன்.