மூன்றேகால் அங்குலம்

அனைவருக்கும் வணக்கம்.

காட்டிலும் கடலிலும் தன்னந்தனியாக வேலை பார்க்கிற சிலரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அரசு போட்ட விதிகளை நடப்பில் காப்பாற்றுகிறவர்கள். வார்டன், ரேஞ்சர், வனக்காவலர், மீன்வள அதிகாரி என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். வேலை மாறாது. அந்த வேலையை விளக்க ஒரு சின்னக் கருவியிலிருந்து தொடங்குகிறேன்.

அது ஓர் அளவுகோல். பித்தளையில் செய்வார்கள், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. லாப்ஸ்டர் என்கிற பெரிய சிங்கி இறாலுக்குப் பேர்போன கடற்கரை. அங்கே ரோந்து அதிகாரி ஒருவர் மீன்பிடிப் படகில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து ஓர் இறாலை முதுகைப் பிடித்துத் தூக்குகிறார். அளவுகோலின் ஒரு முனையைக் கண்குழியில் கொடுத்து, மறுமுனையை முதுகோட்டின் மேலாக, ஓடு முடிந்து வால் தொடங்கும் இடம்வரை கொண்டுபோகிறார். குறைந்தது 3¼ அங்குலம் இருக்க வேண்டும். கோலின் முனை ஓட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் அந்த இறால் சின்னது. கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அப்புறம் மேல் வரம்பையும் அதே மாதிரி அளந்து பார்க்கிறார். அது 5 அங்குலம். அதைவிடப் பெரிதாக இருந்தாலும் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. கடைசியாக இறாலை மல்லாக்காகப் புரட்டி வாலின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே சினை ஒட்டிக்கொண்டிருந்தால், அளவு சரியாக இருந்தும் விட்டுவிட வேண்டும். சில பேர் பிரஷ்ஷை வைத்துச் சினையைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெறும் இறால்போலப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். தேய்த்த தடம் வாலடியில் தெரியும். அதையும் தேடிப் பார்க்க வேண்டியது அந்த அதிகாரியின் வேலை.

ஓர் இறாலுக்கு இவ்வளவு. பெட்டியில் நூறு இருக்கலாம். அலை தூக்கிப் போடுகிற படகில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். படகுக்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். “ஒரு நூல் குறைந்தால் கடல் வற்றிவிடுமா?” என்று கேட்காதவர் குறைவு.

நியாயமான கேள்விதான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். ஆற்றிலிருந்து எடுப்பதற்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும். குறைந்தபட்ச அளவு என்று ஒன்றை வைப்பதன் நோக்கம், ஒரு மீனோ இறாலோ பிடிபடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது முட்டையிட அதற்கு வாய்ப்புக் கொடுப்பது. மேல் வரம்பு வைப்பதற்குக் காரணம் வேறு. சுமார் அரைக்கிலோ எடையுள்ள ஒரு தாய் இறால் ஏறத்தாழ 8,000 முட்டைகளைச் சுமக்கும். நான்கு கிலோவைத் தொட்ட ஒரு கிழட்டுத் தாய் சுமப்பது லட்சத்தைத் தாண்டும். எடை எட்டு மடங்கு, முட்டை பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பல மீன்களிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் போகிறது. பெரிய தாயை ஒரே ஒரு நாள் விருந்துக்காக எடுத்துவிட்டால், அதற்கு ஈடாகப் பத்துப் பன்னிரண்டு சின்னத் தாய்கள் வளர்ந்து வர வேண்டும். அந்த அளவுகோலில் வெட்டியிருக்கிற இரண்டு எண்களும் இந்த உயிரியல் கணக்கைச் சுருக்கி எழுதிய எண்கள். வேட்டைக்கான மாதங்கள், ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய எண்ணிக்கை, எல்லாமே இதே மாதிரிதான்.

சரி, கணக்கைப் போட்டுச் சட்டத்தில் எழுதிவிட்டால் போதுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இங்கேதான் இந்தக் குற்றத்தின் ஒரு தனித்தன்மையை நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடுவார். அடிபட்டவர் மருத்துவமனையில் வாக்குமூலம் கொடுப்பார். பருவம் தப்பிச் சுடப்பட்ட மானுக்காக யார் புகார் கொடுப்பது? சினையோடு வலையில் ஏறிய மீனுக்கு வாரிசு யார்? குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளியைத் தவிர வேறு ஆள் கிடையாது. இங்கே புகார்தாரர், சாட்சி, விசாரணை அதிகாரி எல்லாம் அந்த ஒரு வார்டன்தான். அவர் அங்கே போகவில்லையென்றால் அப்படி ஒரு சம்பவம் நடந்ததாகவே எந்தப் பதிவிலும் இருக்காது.

அதனால் இவர்கள் தடயத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு வேட்டைக்காரர், “இன்று காலை வெளிச்சம் வந்த பிறகுதான் சுட்டேன்” என்கிறார். அதிகாரி மானின் தொடைச் சதைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்கிறார். சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது, வெளிக்காற்று எவ்வளவு குளிர், இரண்டையும் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அது செத்து எத்தனை மணி நேரமானது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ராத்திரியில் சாலையோரம் விளக்கடித்து, கண் கூசித் திகைத்து நிற்கிற மானைச் சுடுகிறவர்களைப் பிடிக்க, தலையையும் வாலையும் அசைக்கிற இயந்திர மானைப் புதரோரம் நிறுத்திவிட்டு இருட்டில் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மொத்தமே மூன்று தோட்டாதான் கொள்ள வேண்டும் என்பது சட்டம். குழலுக்குள் ஒன்று, கிடங்கில் இரண்டு. அதற்குமேல் கொள்ளாதபடி கிடங்குக்குள் ஒரு தடுப்புக்கட்டை வைத்திருக்க வேண்டும். அதிகாரி துப்பாக்கியை வாங்கிக் கிடங்குக்குள் மூன்றாவது தோட்டாவைத் தள்ளிப் பார்ப்பார். உள்ளே போய்விட்டால் தடுப்புக்கட்டையை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடமும் அவர் எதிரில் நிற்பது ஆயுதம் வைத்திருக்கிற, அநேகமாகக் கோபத்தில் இருக்கிற ஓர் ஆள். உதவிக்குக் கூப்பிட்டால் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகலாம். ஆயுதம் இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகத்தோடு ஒரு நகரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவார். வேட்டைக்காட்டில் வார்டனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உத்தியோகத்தின்மேல் மக்களுக்கு இருக்கிற கசப்புக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் வேட்டைச் சட்டங்கள் பல நூற்றாண்டுகள் மன்னரின் மானையும் பிரபுவின் முயலையும் காப்பாற்றத்தான் இருந்தன. முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடினால் தூக்கு என்று 1723-இல் இங்கிலாந்து ஒரு சட்டமே கொண்டுவந்தது. பசிக்கு முயல் பிடித்தவனை ஊரே ஒளித்து வைத்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. இன்றைய சட்டத்தின் அடிப்படை வேறு: காட்டுயிர் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. ஆனால் பழைய சீருடையின் நிழல் இன்னும் விழத்தான் செய்கிறது. அதைப் போக்க வேண்டியதும் அந்த அதிகாரிதான், அதுவும் தன் நடத்தையால்.

கை பிராட்லி என்று ஓர் அமெரிக்கர். இன்றைக்கு நான் பேச ஒத்துக்கொண்டதே இவருக்காகத்தான். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெண்களின் தொப்பிகளில் கொக்கு இறகு வைப்பது பெரிய நாகரிகமாக இருந்தது. எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலை போன காலமும் உண்டு. அந்த மெல்லிய இறகு கொக்குக்கு முளைப்பது இனப்பெருக்கப் பருவத்தில் மட்டும். ஆகவே வேட்டைக்காரர்கள் கூட்டில் குஞ்சு இருக்கும்போதே போய்த் தாயையும் தகப்பனையும் சுட்டு, இறகை உரித்துக்கொண்டு உடலை அங்கேயே போட்டுவிட்டு வருவார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து சாகும். ஒரு வேட்டைக்கு இரண்டு தலைமுறை போய்விடும்.

1901-இல் ஃப்ளோரிடா மாநிலம் இதைத் தடை செய்தது. தடையை அமல்படுத்த ஆள் கிடையாது, பணமும் கிடையாது. பறவை ஆர்வலர்களின் அமைப்புதான் சம்பளம் கொடுத்து 1902-இல் பிராட்லியை வார்டனாக்கியது. மாதம் 35 டாலர். ஃப்ளோரிடாவின் தென்கோடியில் சதுப்பும் தீவுமாகக் கிடந்த அத்தனை பெரிய பரப்புக்கு அவர் ஒருவர். சிறுவயதில் அவரே இறகு வேட்டைக்குப் போனவர். எந்தத் தீவில் எந்த மாதம் கொக்கு கூடு கட்டும், யார் எந்த வழியாக வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எதிராகத்தான் அவர் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அது எவ்வளவு கனமான காரியம் என்பது சின்ன ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

1905 ஜூலை 8. கொக்குகள் கூடு கட்டும் தீவுப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம். பிராட்லி தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அங்கே நின்ற பாய்க்கப்பல் அவருக்குத் தெரிந்த ஓர் ஆளுடையது. சுட்டுக்கொண்டிருந்தது அந்த ஆளின் மகன்கள். மகன் ஒருவனைக் கைது செய்ய வேண்டும் என்று பிராட்லி சொல்ல, தகப்பன் சுட்டான். பிராட்லியின் உடல் படகோடு அலையில் மிதந்துபோய்ப் பிறகுதான் கிடைத்தது. வயது 35. மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். சுட்டவன், பிராட்லிதான் முதலில் சுட்டார் என்று வாதாடினான். வழக்கு விசாரணைக்கே போகவில்லை. அவன் வெளியே வந்துவிட்டான்.

இந்தச் சாவு நாடு முழுக்கச் செய்தித்தாள்களில் வந்தது. தொப்பியில் இருக்கிற இறகுக்குப் பின்னால் ஒரு மனிதரின் ரத்தமும் இருக்கிறது என்று படித்தவர்களில் பலர் அந்தத் தொப்பியைக் கழற்றினார்கள். 1910-இல் நியூயார்க் மாநிலம் இறகு விற்பனையையே தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. இறகுத் தொழிலின் சந்தை நியூயார்க்கில்தான் இருந்தது. வாங்குகிற கையை நிறுத்திய பிறகுதான் சதுப்பில் துப்பாக்கி ஓய்ந்தது. காவலர் காட்டில் எவ்வளவு ஓடினாலும், கடைத்தெருவில் கிராக்கி இருக்கிறவரைக்கும் அவர் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் தோற்றுப்போவது பிராட்லியோடு முடிந்த கதையல்ல. 2003-இல் ஆஸ்திரேலிய ரோந்துக் கப்பல் ஒன்று, தன் நாட்டுக் கடல் எல்லையில் அனுமதியில்லாமல் டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைப் பிடித்ததாகச் சந்தேகித்து வியார்சா என்ற கப்பலைத் துரத்தியது. பனிப்பாறைகளுக்கும் புயலுக்கும் நடுவே 21 நாள், சுமார் 3,900 கடல் மைல். கடைசியில் தென் அட்லாண்டிக்கில் மடக்கினார்கள். கப்பலின் கிடங்கில் டன் கணக்கில் மீன். வழக்கு நடந்தது. எல்லைக்குள்தான் பிடித்தார்கள் என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகவில்லை. 2005-இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 21 நாள் துரத்திய அந்த மாலுமிகள் அன்று இரவு எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

யாரைப் பிடிப்பது, எவ்வளவு கடுமையாகப் பிடிப்பது என்பதிலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை தூண்டில் போட வந்த பையன் அரை அங்குலம் குறைந்த மீனை வாளியில் வைத்திருந்தால், நல்ல அதிகாரி அபராதச் சீட்டை எடுக்க மாட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து எப்படி அளப்பது என்று காட்டிவிட்டு, மீனை அவன் கையாலேயே தண்ணீரில் விடச் சொல்வார். உறைபெட்டி நிறையக் கறியை மூட்டை கட்டி விற்கிற ஆளிடம் அந்தப் பரிவு கூடாது. துப்பாக்கி, படகு, வண்டி, உரிமம் எல்லாம் போக வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்கு இடையே இப்போது ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் வேட்டை உரிமம் பறிபோனால் மற்ற மாநிலங்களிலும் அது செல்லாது. எல்லை தாண்டிப் போய்ப் புது உரிமம் வாங்குகிற வழி அடைபட்டது. நல்ல ஏற்பாடு.

ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அதிகாரியாலும் முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன் ஐந்நூறு ஆண்டுகளாக ஊர்களுக்குச் சோறு போட்டது. எவ்வளவு பிடிக்கலாம் என்ற எண்ணை மேலே உட்கார்ந்து முடிவு செய்தவர்கள், கடலில் இருந்த மீனை உள்ளதைவிட அதிகமாக மதிப்பிட்டுவிட்டார்கள். 1992 ஜூலை 2 அன்று அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. துறைமுகத்தில் நின்ற ஆய்வாளர் எவ்வளவு நேர்மையாக எடை போட்டிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அளக்கிறவர் கையில் கொடுக்கிற எண் சரியாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு விஞ்ஞானிகளுக்கும் அமைச்சர்களுக்கும் உரியது.

மறுபடி மெய்ன் கடலுக்கு வருகிறேன். அங்கே மீனவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சினையோடு ஓர் இறால் பொறியில் ஏறிவிட்டால், கடலில் விடுவதற்கு முன்னால் அதன் வால்மடல் ஒன்றில் சின்னதாக ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஒரு வெட்டு வெட்டிவிடுவார்கள். சினை பொரிந்து போன பிறகும் அந்த வெட்டு இருக்கும். ஓடு கழற்றிப் புது ஓடு போட்டாலும் கொஞ்ச காலத்துக்குத் தெரியும். அடுத்த ஆண்டு வேறு யாரோ ஒருவர் பொறியில் அதே இறால் ஏறும்போது வாலடியில் சினை இருக்காது, அளவும் சரியாக இருக்கலாம். ஆனால் வெட்டைப் பார்த்ததும் இது தாய் என்று தெரிந்துவிடும். தெரிந்தபின் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. வெட்டியவரும் விடுகிறவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். விடியற்காலைப் பனிமூட்டத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை எந்த ரோந்துப் படகும் இல்லாத இடத்தில், ஒருவர் வாலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்த இறாலை மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்.

வணக்கம்.