மூணு சீட்டு: தெருச் சூதாட்டம் மேசை வித்தையாகும் விதம்

(காட்சி: பச்சைத் துணி விரித்த மேசை. மூன்று சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கின்றன.)

இவற்றில் ஒன்று ஆட்டின் (ஹார்ட்ஸ்) ராணி, மற்ற இரண்டும் கறுப்புப் பத்துகள். ராணியைச் சுட்டிக்காட்டினால் கட்டிய பணம் இரட்டிப்பாகும் என்ற ஒரே ஆசையைக் காட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளிலும் அமெரிக்க ரயில்களிலும் பலருடைய பையைக் காலி செய்தார்கள். அந்தச் சூதாடிகளில் பேர்போனவர் கனடா பில் ஜோன்ஸ். அவருடைய கூட்டாளியான ஜார்ஜ் டெவால் 1887இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில், தொளதொள உடையும் கீச்சுக் குரலும் அசட்டு முகமுமாகத் திரிந்தவர் என்று பில்லை வருணிக்கிறார். இந்த அப்பாவியை நாம் ஏமாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களே அவரிடம் பணத்தை விட்டார்கள். என்னைக் கேட்டால், விரல் வேலையைவிட அந்த வேஷம்தான் பெரிய வித்தை.

(காட்சி: வலக் கை, மிக அருகில்.)

இனி விரல்களைக் கவனியுங்கள். மூன்று சீட்டுகளும் நீளவாக்கில் லேசாக வளைக்கப்பட்டிருப்பதால், அவற்றை முனைகளில் பிடித்து எளிதாக எடுக்கலாம். வலக் கையில் இரண்டு சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன: மேல்சீட்டைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும், கீழ்ச்சீட்டைக் கட்டைவிரலும் நடுவிரலும் பிடித்திருக்கின்றன. கீழே இருப்பது ராணி என்று எல்லோருக்கும் காட்டியாயிற்று. கையை இடப்புறமாக வீசும்போது கீழ்ச்சீட்டுதான் முதலில் விழும் என்று கண் நம்புகிறது. ஆனால் சுட்டுவிரல் தளர்ந்து மேல்சீட்டை விட்டுவிடுகிறது, ராணி கையிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த கணமே சுட்டுவிரல் ராணியைப் பற்றிக்கொள்ள, நடுவிரல் விலகிவிட வேண்டும். இந்த மாற்றம் தாமதித்தால் குட்டு வெளிப்படும். உண்மையான வீச்சையும் பொய்யான வீச்சையும் கண்ணாடி முன் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். எது எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்வரை யாரிடமும் காட்டாதீர்கள். வேகம் தேவையில்லை, சொல்லப்போனால் அவசரம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

(காட்சி: ஒரு சீட்டின் மூலை மடிகிறது.)

இந்த வித்தையின் உயிர் மடித்த மூலையில் இருக்கிறது. தெருவில், ஆட்டக்காரன் வேறு பக்கம் திரும்பும் நேரத்தில் கூட்டத்தில் நிற்கும் அவனுடைய ஆள் ராணியின் மூலையை மடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கண்ணடிப்பான். அந்த மனிதர் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நம்பிப் பெரும் தொகையைக் கட்டுவார். ஆனால் சீட்டுகளை வீசும்போதே மோதிரவிரலும் சுண்டுவிரலும் அந்த மூலையை நிமிர்த்தி, ஒரு பத்தின் மூலையை மடித்துவிட்டிருக்கும். 1902இல் எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் வெளிவந்த சீட்டுக்கலை நூலும் இந்த ஆட்டத்தை விளக்குகிறது.

வித்தைக்காரருக்கு அந்தக் கையாள் வேண்டாம்; பணமும் வேண்டாம், விளையாட்டுக்கென்றாலும் பந்தயம் கட்டாதீர்கள். மோசடிக்காரன் எதிரே நிற்பவரைத் தனிமைப்படுத்துகிறான், நீங்களோ அவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது இப்படித்தான் ஊரை ஏமாற்றியது என்று முதலிலேயே கதையாகச் சொல்லி, மூலையை மடிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். தோற்றவராக அவரைக் காட்டாமல், கனடா பில்லின் காலத்துப் பயணி ஒருவராக நடிக்கச் சொன்னால், ஏமாந்ததற்கு அவர் கூச மாட்டார்.

வீச்சு முடிந்தவுடன் கைகளை மேசையிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். மடிந்த சீட்டை அவரே திருப்பட்டும், கறுப்புப் பத்தைக் கண்டு மற்றவர்கள் சிரித்து ஓயட்டும். அதன் பிறகு ராணியையும் அவர் கையாலேயே தேடி எடுக்கச் சொல்லுங்கள்.