ட்ரோட்ரோவில் டிரைவர்தான் டிஜே

வணக்கம் மக்களே. இன்று சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கானாவின் தலைநகர் அக்ராவில், மதீனா ஸ்டேஷனில், ஒரு ட்ரோட்ரோவின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ட்ரோட்ரோ என்றால் பழைய வேன், சீட் எல்லாம் நிரம்பினால்தான் கிளம்பும். இன்னும் மூன்று பேர் வர வேண்டும். வாசலில் நின்று "சர்க், சர்க், சர்க்" என்று கத்துகிறாரே, அவர்தான் மேட். நம் ஊர் கண்டக்டர் மாதிரி. சர்க் என்பது குவாமே நிக்ருமா சர்க்கிள்.

இந்த வேனில் வீடியோ எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கானாவில் என்ன பாட்டு ஓடுகிறது என்று போனில் தேடினால் பிளாக் ஷெரிஃப், ஷட்டா வாலே, ஸ்டோன்பாய், சார்கோடி என்று வரும். பொய் இல்லை. எனக்கு முன்னால் இருக்கும் பையன் காதில் மாட்டியிருப்பதும் அதில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேனுக்குள் எல்லோர் காதிலும் விழுவது டிரைவர் வைத்ததுதான். டிரைவருக்கு ஐம்பது வயது. மாற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்டதில்லை.

இதோ கேளுங்கள்... பாட்டு இல்லை, சண்டை! சண்டை மாதிரி. காலை நேர அரசியல் பேச்சு. மொழி ட்வி. எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் முன் சீட் ஆன்ட்டி ரேடியோவுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் சொல்வதுதான் இன்னும் சுவாரசியமாக இருக்கிறது. பீஸ் எஃப்எம்மின் காலை நிகழ்ச்சிக்கு என்ன பெயர் தெரியுமா? 'கொக்ரோக்கூ'. ஆமாம், சேவல் கூவுகிற சத்தம். நம் சேவலும் அவர்கள் சேவலும் ஏறக்குறைய ஒரே பாஷைதான் பேசுகின்றன. முதல் தடவை கேட்டபோது தனியாகச் சிரித்துவிட்டேன்.

சரி, கிளம்பிவிட்டோம். 

இங்கே ரேடியோ தொடங்கியது 1935 ஜூலை 31. அப்போது கானாவுக்குப் பெயர் கோல்ட் கோஸ்ட், ஆங்கிலேயர் ஆட்சி. ஸ்டேஷன் பெயர் இசட்ஓஒய். வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து ஒரு பெட்டி மாட்டினார்கள், சுமார் 300 வீடுகளுக்கு. லண்டன் பிபிசியில் வருவதைப் பிடித்து அந்தக் கம்பியில் அனுப்புவார்கள். திருப்ப வேறு ஸ்டேஷனே கிடையாது. உள்ளூர் மொழிகள் உள்ளே வந்தது இரண்டாம் உலகப் போர் சமயத்தில். போர்ச் செய்தி ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே! அதற்குப் பிறகும் பல வருடம் எல்லாம் அரசாங்க ரேடியோதான். 1994இல் ரேடியோ ஐ என்ற ஸ்டேஷனை ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே ஆரம்பித்தார், சில வாரத்தில் போலீஸ் வந்து மூடியது. ஆனால் அடுத்த வருடமே ஜாய் எஃப்எம் போன்ற தனியார் நிலையங்கள் வந்துவிட்டன. அவை பெரும்பாலும் ஆங்கிலம். 1999இல் பீஸ் எஃப்எம் வந்து நாள் முழுக்க ட்வியில் பேசியதும்தான் கதையே மாறியது என்பேன். ட்வி செய்தி வாசிப்பதை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். வாசிப்பது என்று சொல்லவே முடியாது, பழமொழி போட்டு, இழுத்து, நடுவில் 'அடடா' போட்டு, கிட்டத்தட்ட வில்லுப்பாட்டு.

பேச்சு மாறியதும் பாட்டும் மாறியது. ஹைலைஃப்! இந்த ஊரின் பழைய ஆட்டப் பாட்டு வகை. அந்தக் காலத்தில் கோட் சூட் போட்டு, டிக்கெட் வாங்கி, கிளப்புக்குள் போய் ஆடியவர்களைப் பார்த்து வெளியே நின்றவர்கள் வைத்த பெயராம் அது. இ.டி. மென்சா என்று ஒருவர், ட்ரம்பெட்காரர். 1956இல் லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ராவுக்கு வந்தபோது அவரோடு சேர்ந்து வாசித்தார். அது கிளப் வகை. ட்ரோட்ரோவில் ஓடுவது இன்னொரு வகை, கிட்டார் ஹைலைஃப். அதில் கதை இருக்கும்.

நானா அம்பாடுவின் பாட்டு ஒன்று இருக்கிறது, 1967. மிருகங்கள் கூட்டம் போடுகின்றன. மானுக்குப் பின்னால் சிறுத்தை உட்கார்ந்து அதன் வாலை அழுத்திப் பிடித்திருக்கிறது. மானால் வாய் திறக்க முடியவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், 'சிலருக்குத்தான் இங்கே உட்கார வசதி' என்கிற மாதிரி முறையிடுகிறது. பாட்டின் தலைப்பும் அதுதான். அப்போது நடந்தது ராணுவ ஆட்சி. சிறுத்தை யார், மான் யார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு ரேடியோவிலிருந்து காணாமல் போய்விட்டது. இன்றைக்கும் அந்தத் தலைப்பை ஜனங்கள் சாதாரணப் பேச்சில் சொல்கிறார்கள்.

எண்பதுகளில் ஊரடங்கு, பஞ்சம். ராத்திரி கச்சேரியே இல்லை என்றால் பாடகர் என்ன செய்வார்? நிறைய பேர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். அங்கே சின்தசைசர் வைத்துப் போட்டதுதான் பர்கர் ஹைலைஃப். சாப்பிடுகிற பர்கர் இல்லை, ஹாம்பர்க் ஊர். டாடி லும்பாவும் ஜெர்மனியில்தான் ஆரம்பித்தார். போன வருடம், 2025 ஜூலை 26, அவர் இறந்த அன்று நான் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் அவர்தான். ஆட்டோ கேரேஜில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் அழுதார், பார்த்தேன்.

பழைய பாட்டு சாகாமல் இருப்பதற்கு சனிக்கிழமையும் ஒரு காரணம். சாவுச் சடங்கு அன்றைக்குத்தான். நான் வந்த புதிதில், பக்கத்துத் தெருவில் பந்தல், பெரிய ஸ்பீக்கர், கறுப்பு வெள்ளைத் துணியில் எல்லோரும் ஆடுகிறார்கள். பக்கத்து வீட்டு அங்கிளிடம், "நல்ல கல்யாணம் போல! மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். பேனரில் ஒரு பாட்டி, வயது 92. நிறைவாக வாழ்ந்து போனவருக்கு அழுகை மட்டும் போதாது, ஆடியும் அனுப்ப வேண்டும் என்றார். அந்த ஆட்டத்துக்கு ஹைலைஃப்தான் வேண்டும், இந்த வாரம் வந்த பாட்டு சரிப்படாது. ஞாயிறு என்றால் காலையிலிருந்து காஸ்பல், அதாவது கிறிஸ்தவப் பக்திப் பாட்டு. ஆக, கிழமையைக் காலண்டரில் பார்க்க வேண்டியதே இல்லை.

நைஜீரியப் பாட்டைத்தான் அதிகம் போடுகிறார்கள், காசு வாங்கிக்கொண்டு போடுகிறார்கள் என்று டிஜேக்கள் மேல் ஒரு புகார் ஓடிக்கொண்டே இருக்கும். அது தனி வீடியோவுக்கு ஆகும்.

ஓ, பேச்சு முடிந்து பாட்டு வந்துவிட்டது! லும்பா! மேட் சில்லறையை எண்ணிக்கொண்டே பாடுகிறார், பாருங்கள். ஹெட்போன் பையனும் ஒரு காதைக் கழற்றிவிட்டான். ஆன்ட்டி தோள் ஆடுகிறது. டிரைவர் சத்தத்தைக் கூட்டுகிறார்... ஐயோ, நான் இறங்க வேண்டிய இடம். மேட், பஸ் ஸ்டாப்! மேட்!

கேட்கவில்லை. தாண்டிவிட்டோம். மீதிச் சில்லறையும் இன்னும் வரவில்லை. சரி, பாட்டு முடியட்டும்.